ரெண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது

ஜனவரி 9, 2024, செவ்வாய்

தேனியிலிருந்து குமுளி வந்து சேர இரவு எட்டரை ஆகிவிட்டது. மகரவிளக்குக்கு இன்னும் ஆறு நாள்தான். லோயர் கேம்பிலிருந்தே ஐயப்ப சாமிகளின் வண்டிகள் வரிசை கட்டி நிற்க, பஸ் ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. மடியில் ஸ்கேன் கவர், அடியில் மடித்துப் போட்ட பழைய துண்டு. சீட்டில் கறை பட்டுவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

மூன்று வருஷமாக ஓயாத ரத்தப்போக்கு, இந்தக் கறைக் கவலைதான். ஸ்டோரில் ஏலக்காய் பிரிக்க உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்கக் கூடாது. நான் மணிக்கொரு தரம் எழுந்து போவேன். முதலில் பார்த்த ஒரு டாக்டர் ஸ்கேன்கூட எடுக்காமல் ஒரு வருஷம் ஹார்மோன் மாத்திரையாகவே எழுதிக் கொடுத்தார். ஏன் எதற்கு என்று கேட்காமல் நானும் விழுங்கினேன். கோபம் பாதி அவர் மேல், பாதி என் மேல்.

இன்று பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பையில் மூன்று பெரிய நார்க்கட்டிகள், ஃபைப்ராய்டு. பெரியது 7.2 சென்டிமீட்டர். கர்ப்பப்பையே நாலு மாசக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருக்கிறதாம். எங்கள் ஸ்டோரில் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்றாலே அது பெரிய காய், நல்ல விலை. எழுபத்திரண்டு மில்லிமீட்டர் காயை எந்தச் சல்லடையில் போடுவது?

ரத்தம், அதாவது ஹீமோகுளோபின், 7.6. "இந்த ரத்தத்தோட நான் கத்தியை எடுக்க மாட்டேன்க்கா. பத்தைத் தாண்டட்டும்" என்றார். போக்கை நிறுத்த மாத்திரை, இரும்புச்சத்து ஊசி, கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனை. எல்லாம் முடிந்த பிறகுதான் தேதி.

ஜனவரி 18, வியாழன்

இரும்புச்சத்து இங்கேயே குமுளியில் ஏற்றிக்கொள்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் ஐந்து. இன்று மூன்றாவது. பாட்டிலைப் பார்த்தால் கடுங்காப்பி தொங்குகிற மாதிரி இருக்கிறது. ஏறும்போது வாயில் பழைய பித்தளைச் செம்பை நக்கிய ருசி.

பொங்கலுக்கு அத்தைதான் பானை வைத்தார்கள். நான் உட்கார்ந்தே கரும்பு நறுக்கினேன். துணுக்குப் பரிசோதனையில் கெட்டது ஒன்றும் இல்லை என்று போன் வந்தது. பொங்கல் இனித்தது.

ஜனவரி 28, ஞாயிறு

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் டாக்டர்கள். "எடுத்துப் போட்டுரு, நிம்மதி" என்று பாதிப் பேர். "அதை எடுத்தா உடம்பு ஊதிரும், இடுப்பு விட்டுப்போகும், புருஷன் திரும்பிப் பார்க்க மாட்டான்" என்று மீதிப் பேர். கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வருகிறவர்களில் முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "மாசம் அஞ்சு நாள் கூலி போகுதுல்ல" என்கிறார்கள். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி 2019-ல் பத்திரிகைகளில் வந்ததும் இதே கதைதான். அப்போது "ஐயோ" என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

அதனால் டாக்டரம்மாவிடம் வளைத்து வளைத்துக் கேட்டேன். கட்டியை மட்டும் எடுத்தால் போதாதா? எடுக்கலாமாம், ஆனால் இத்தனை கட்டி இருக்கும்போது மறுபடி வளர வாய்ப்பு உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம்? உள்ளே இடம் இவ்வளவு கோணலாக இருந்தால் நிற்காமல் வெளியே வந்துவிடக்கூடும். எனக்கு நாற்பத்தாறு, பிள்ளை பெறும் யோசனை இல்லை. சரி, எடுத்துவிடலாம் என்று நானே சொன்னேன். யாரும் சொல்லி நான் போகவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சினைப்பை ரெண்டும் அப்படியே இருக்கும். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பார்கள், பின்னாளில் சினைப்பைப் புற்று வரும் ஆபத்து அதனால் குறையுமாம். சினைப்பை இருப்பதால் மறுநாளே உடம்பு தகித்து வேர்த்துக் கொட்டாது. மாதவிடாய் நின்றுபோகிற வயசு மட்டும் ஒன்றிரண்டு வருஷம் முன்னதாக வரலாம்.

பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு ஐந்து வருஷம் முன்பு இதே ஆபரேஷன் கோட்டயத்தில் நடந்தது. "மோளே, ஒன்னும் பேடிக்கேண்டா", ஒன்றும் பயப்படாதே என்று சொல்லிவிட்டு, சேலையை ஒதுக்கித் தழும்பைக் காட்டினார். பூனை முடி தடிமனில் ஒரு கோடு. அத்தனை பேர் பேச்சையும் அந்தக் கோடு அடக்கிவிட்டது.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரத்தம் 10.3! சர்க்கரை, தைராய்டு, இசிஜி, எக்கோ எல்லாம் தேறின. மயக்க மருந்து டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பணம்தான் இடித்தது. எங்கள் ரேஷன் கார்டு கேரளா. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும். கேரளப் பக்கமே போகலாம் என்றால் துணைக்கு ஆள் இல்லை. அக்கா இருப்பது தேனியில். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் ஒத்தாசை. வளையல் ரெண்டும் அடகுக்குப் போயின.

வீட்டில் வேலை தலைக்கு மேல். அரிசி, பருப்பு டப்பாக்களை எல்லாம் மேல் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். கட்டில் ஒன்று வாங்கியாயிற்று, பாயில் படுத்து எழ முடியாதாம். கக்கூஸில் குத்த வைக்க முடியாது என்று இவர் கம்பத்தில் போய் நடுவில் ஓட்டை உள்ள இரும்பு ஸ்டூல் வாங்கி வந்தார். ஜீப்பின் மேல் கட்டி ஊர் பார்க்கக் கொண்டுவந்த பெருமையை என்ன சொல்ல.

முன் பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலு. உள்பாவாடை எதுவும் வேண்டாம், நாடா தையல் மேலேயே உட்காரும் என்று சேச்சி எச்சரித்திருந்தார். யாராவது இதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்குக் கிளம்பினால், இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அட்மிட் ஆனேன். தாலியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். அதையும் நாளை கழற்றிவிட்டுக் கையில் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மெட்டிதான் வரவில்லை. இருபத்திரண்டு வருஷ மெட்டி. சோப்பு போட்டார்கள், தேங்காய் எண்ணெய் போட்டார்கள். கடைசியில் ஒரு சிஸ்டர் விரலில் நூலைச் சுருட்டிச் சுருட்டி வைத்து அவிழ்த்துக்கொண்டே போக, மெட்டி தானாக நகர்ந்து வந்தது. வெளுத்த பள்ளம் ஒன்று விரலைச் சுற்றி. அந்த சிஸ்டர் கட்டப்பனைக்காரி. நான் குமுளி என்றதும் மலையாளத்துக்கு மாறிவிட்டாள். ராத்திரி எனிமா கொடுத்ததும் அவள்தான், அதனால் கூச்சம் பாதிதான்.

பிப்ரவரி 15, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் ரெண்டு ரெண்டு வரியாகத்தான்.

முதுகில் ஊசி. குனிந்து உட்காரச் சொல்லி ஒரு ஆள் தோளைப் பிடித்துக்கொண்டார். கால் ரெண்டும் முதலில் சூடாகி, பிறகு யாரோ ஒருவருடைய கால் ஆகிவிட்டன. நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணித் திரை. வலி துளியும் இல்லை, ஆனால் இழுப்பது தெரிந்தது. மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி. ரெண்டு மணி நேரம். நடுவில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

வெளியே இவரைக் கூப்பிட்டு, எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். 640 கிராமாம். சாதாரணமாக நூறு கிராம்கூட இருக்காது என்றாராம் டாக்டர். இவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஈரல் மாதிரி இருந்துச்சு, இனிமே எனக்கு ஆட்டுக்கறி வேண்டாம்" என்கிறார். நேற்று காதலர் தினமாம், அக்கா மகன் சொல்லிச் சிரிக்கிறான். எனக்குச் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் தையல் இழுக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

மூத்திரக் குழாயை நேற்றே எடுத்துவிட்டார்கள். நேற்று கட்டிலைப் பிடித்து நிற்க வைத்தார்கள், இன்று வராந்தாவில் நடை. நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். எழுந்திருக்க ஒரு முறை உண்டு: நேராக எழக்கூடாது, ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொள்ள வேண்டும்.

வெட்டின வலியைவிடக் காற்று வலிதான் கொடுமை. வயிறு தவில் மாதிரி உப்பி, வலி விலாவுக்கு ஏறுகிறது. காலையில் டாக்டரம்மா, மதியம் சிஸ்டர், கூட்ட வந்த அம்மா, எதிர்க் கட்டில்காரியின் மாமியார், எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்வி: "காத்து பிரிஞ்சுதா?" சாயங்காலம் ஐந்தே காலுக்குப் பிரிந்தது. அறையே சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகுதான் இட்லி.

பிப்ரவரி 24, சனி

19-ஆம் தேதி டிஸ்சார்ஜ் ஆகி அக்கா வீட்டில் இருக்கிறேன். இன்று தையல் பிரித்தார்கள். தையல் என்றால் நூல் இல்லை, பேப்பரில் அடிக்கிற பின் மாதிரி. ஒவ்வொன்றும் எறும்புக் கடிதான். பயாப்சி ரிப்போர்ட்டும் வந்தது, புற்று இல்லை.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அழுகை வந்துவிட்டது. நல்ல சேதிக்கு என்ன அழுகை என்று அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 3, ஞாயிறு

வீடு வந்தாயிற்று. ஜீப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி, கார் பிடித்தோம். இவர் வேலைக்கு ஆள் ஏற்றி ஓட்டுகிற வேகத்தில் குமுளி மலையைப் பத்து வருஷமாகப் பார்த்தவள் நான். இன்று காரையும் இவரேதான் ஓட்டினார், மாட்டுவண்டி வேகத்தில். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தலையணை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "வளைவு வருது" என்று சொல்லுவார், எனக்கு வளைவே தெரியாத மாதிரி. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தே தேய்ந்தான். இரைச்சல் பாலத்தில் ஒரு பள்ளம். அது ஒன்றுதான் தப்பவில்லை. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றோம்.

மார்ச் 14, வியாழன்

ஆறு வாரத்துக்கு ரெண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. சொல்லும்போது சுலபமாக இருந்தது. ஆனால் எது ரெண்டு கிலோ? ஸ்டோரில் ஐம்பது கிலோ மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் போட்டவள் நான், வீட்டுச் சாமான்களை எடையாக ஒருநாளும் பார்த்ததில்லை.

இவர் பச்சைக் காய் நிறுக்க வைத்திருக்கும் கொக்கித் தராசை எடுத்து மாட்டினேன். மகள் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள், பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் அவளுக்கு இது ஒரு விளையாட்டு. மாவோடு இட்லிச் சட்டி 3 கிலோ 400. குக்கர், சோறோடு, 3 கிலோ 100. ஈரத் துணி வாளியைத் தொங்கவிட்டால் கொக்கியே வளைகிறது. தண்ணீர்க் குடம் பக்கம் போகவே வேண்டாம். வீட்டில் நான் தூக்கத் தகுந்தது பால் பாத்திரம், தோசைக் கல், அப்புறம் சாமி விளக்கு. இவ்வளவு நாள் சமையலறையில் நான் செய்தது சமையல் என்றுதான் நினைத்திருந்தேன், பாதி சுமை தூக்கல்.

அத்தைக்கு எண்பது ஆகப் போகிறது. அவர்கள் குடம் தூக்க நான் உட்கார்ந்து பார்ப்பது இந்த வயிற்று வலியைவிட மோசம். "எனக்குப் பிள்ளை பெத்தப்பவே மூணாம் நாள் களைவெட்டப் போனேன்" என்று சொல்லிக் காட்டவும் செய்கிறார்கள், பூண்டுக் குழம்பும் வைத்துத் தருகிறார்கள். இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன். வயிற்றைத் துணியால் இறுகக் கட்டச் சொன்னதை மட்டும் மறுத்துவிட்டேன்.

இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் கசிகிறது. ஆறு வாரம் வரை இருக்கலாமாம். நாற்றமோ காய்ச்சலோ திடீரென்று அதிக ரத்தமோ வந்தால்தான் ஓட வேண்டும். தையலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது. தொட்டால் என் வயிறு மாதிரியே இல்லை.

மார்ச் 28, வியாழன்

ஆறு வாரச் செக்கப். உள்ளே ஆறிவிட்டது. மெல்ல மெல்ல வேலை செய்யலாம், மூட்டை மூன்று மாசம் கழித்து. ஜீப் குலுக்கலும் அதுவரை வேண்டாம். மற்றதையும் கேட்டேன், தாம்பத்தியம். "எட்டு வாரம் ஆகட்டும், அப்புறமும் உங்களுக்குத் தோணும்போது" என்றார். வெளியே வந்ததும் இவர் என்ன சொன்னார் என்று கேட்டார். "மூட்டை தூக்கக்கூடாதாம்" என்றேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. மங்கலதேவி கண்ணகி கோயில் வருஷத்தில் இந்த ஒருநாள்தான் திறக்கும். விடியற்காலை நாலு மணியிலிருந்தே ஜீப்புகள் உறுமுகின்றன. கல்யாணமாகி வந்ததிலிருந்து, திறந்த வருஷமெல்லாம் தவறாமல் போனவள் நான். அந்தப் பாதையை ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். ஆகவே இந்த வருஷம் திண்ணை.

ஒரு முலையைத் திருகி எறிந்துவிட்டு மதுரையிலிருந்து இந்த மலை வரைக்கும் நடந்தே வந்தாளாம் கண்ணகி. அவளுக்கு யார் ஆறு வாரம் ஓய்வு சொன்னார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டேன்.

அக்கா பளியன்குடி வழியாக நடந்து ஏறி, எங்கள் பக்கம் ஜீப்பில் இறங்கி மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாள். விரலில் 19-ஆம் தேதி ஓட்டுப் போட்ட மை இன்னும் இருந்தது. எங்களுக்கு 26-ஆம் தேதிதான். மஞ்சளும் குங்குமமும் கொடுத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

அவள் கொண்டுவந்த பை வாசலிலேயே கிடந்தது. தேனி மாங்காய். எடுத்துக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு கொக்கியில் மாட்டினேன். 4 கிலோ 200.

பையைத் திரும்ப வாசலில் கொண்டுபோய் வைக்கவா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு ரெண்டு மாங்காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தேன்.