கதவுகளைத் திறந்து வைத்து வரைய வேண்டும்

சிறிய சமையலறைகளுக்காகப் போடப்படும் வரைபடங்களில் ஒரு பொதுவான குறை உண்டு. எல்லா ஷட்டர்களும், அதாவது அலமாரிக் கதவுகளும், மூடியிருக்கும். டிராயர்கள் உள்ளே போயிருக்கும், ஃப்ரிட்ஜ் சாத்தியிருக்கும், நடுவில் ஆள் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த நிலையில் எந்தச் சமையலறையும் விசாலமாகத்தான் தெரியும். சமைக்கிற நேரத்தில் அது ஒருபோதும் அப்படி இருப்பதில்லை. வேலையை ஒப்படைத்த பிறகு வரும் புகார்களில் பெரும்பகுதி, ஏதோ ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்றைத் திறக்க முடியவில்லை என்பதாகவே இருக்கிறது.

2400 மி.மீ. அகலமுள்ள அறையில் இரு பக்கமும் 600 மி.மீ. ஆழத்துக்கு மேடை போட்டால் நடுவே 1200 மி.மீ. மிஞ்சும். காகிதத்தில் அது தாராளம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவைச் சாய்த்தால் ஏறக்குறைய 600 மி.மீ. போய்விடும். எதிர்ப்பக்க டிராயரை 500 மி.மீ. இழுத்தால் மிச்சம் 100. கழுவிய பாத்திரத்தை எடுத்து அந்த டிராயரில் அடுக்க வேண்டியவர் எங்கே நிற்பார்? இயந்திரத்தை ஒரு அலமாரிப் பெட்டி அளவு தள்ளி வைத்திருந்தால் போதும். ஆனால் நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் சுவரில் பதிந்த பிறகு இது தெரியவந்தால் தள்ள வழியில்லை. அதனால் வரைபடம் இரண்டு வேண்டும்: ஒன்று மூடிய நிலையில், மற்றது அத்தனையும் திறந்த நிலையில். இரண்டாவதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நடைவழி அளவுகள் இதிலிருந்தே வருகின்றன. ஒருவர் சமைக்கும் இடத்தில் எதிரெதிர் மேடைகளுக்கு நடுவே 1050 மி.மீ., இருவர் சேர்ந்து வேலை செய்தால் 1200 மி.மீ. வேண்டும். 900-க்குக் கீழே போனால் டிராயரை இழுக்கும் ஆள் பின்னால் நகர முடியாமல் பக்கவாட்டில் நின்று இழுப்பார். டிராயர் ஓடும் தண்டவாளமான சேனல் ஒரு பக்கமாகத் தேய்வது அப்படித்தான். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டர் வரை இருக்கலாம் என்பது பழைய விதி. சின்ன அறையில் அது தானாகவே அமைந்துவிடும், அதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவிலுள்ள வெற்று மேடையை. நறுக்குவது, கலப்பது, இறக்கி வைப்பது எல்லாம் அங்கேதான். அது 600 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. 900 கிடைத்தால் வேறு எதையாவது விட்டுக்கொடுத்தாவது அதைக் காப்பாற்ற வேண்டும்.

குறுகிய இடத்தில் வேலையை முதலில் வைத்து, அலமாரியைப் பிறகு வைத்த சமையலறைக்கு நூறு ஆண்டு வயதாகிறது. 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி பிராங்பர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. ரயில் உணவுப் பெட்டியின் சமையல் பகுதியில் எத்தனை அடி எடுத்து வைக்கிறார்கள் என்பதை அவர் கவனித்திருக்கிறார். பக்கத்து அறைக்குத் தள்ளுகதவு. சன்னலுக்கு அருகே நறுக்கும் பலகை, கழிவைத் தள்ளிவிட அதிலேயே ஒரு வழி. மடித்து மேலே சாத்தும் இஸ்திரிப் பலகை. உலர்ந்த சமையல் பொருட்களை நேராகக் கொட்டுவதற்கு மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள். தள்ளுகதவு இன்றும் முதல் தர யோசனை. 800 மி.மீ. அகலக் கதவு உட்புறமாகத் திறந்தால், அதன் சுழற்சிக்காக மட்டும் அரை சதுர மீட்டர் தரை வீணாகிறது. அந்தச் சமையலறையின் குறையும் அதன் அளவிலேயே இருக்கிறது: இரண்டாவது ஆளுக்கு அதில் இடமில்லை.

அளவெடுப்பதில் அவசரம் கூடாது. சுவருக்குச் சுவர் மூன்று உயரங்களில், அதாவது தரையோரம், மேடை மட்டம், மேல் கேபினெட் மட்டம் ஆகியவற்றில் அளந்து மிகச் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். மூலை நேர்கோணமா என்று பார்க்க ஒரு சுவரில் 900, மறு சுவரில் 1200 குறித்து, குறுக்களவு 1500 வருகிறதா என்று பார்த்தால் போதும். பூச்சு போட்ட சுவரில் பெரும்பாலும் வராது. அதனால் பெட்டிகளின் மொத்த நீளத்தைச் சுவரின் நீளத்துக்கே சமமாக வைக்காமல், ஓரத்தில் 20 முதல் 50 மி.மீ. வரை ஃபில்லருக்கு, அதாவது இடைவெளியை மூடும் பட்டைக்கு விட்டு, அதை வேலை நடக்கும் இடத்திலேயே சுவரின் வளைவுக்கு ஏற்பச் சீவிப் பொருத்த வேண்டும். தரைமட்டத்தை லேசர் வைத்துப் பார்த்து, தரை எங்கே மிக உயரமோ அங்கிருந்து தொடங்க வேண்டும். தாழ்ந்த இடத்தில் தொடங்கினால் உயர்ந்த இடத்துக்கு வரும்போது பெட்டியின் கால்களை இறக்கவே இடம் இருக்காது.

பட்டறைக்கு ஆர்டர் போகும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. செலவு ஏதுமில்லை, அரை நாள் ஆகும். மேடையின் விளிம்பை முழு அளவில் தரையில் ஒட்டுநாடாவால் குறிக்க வேண்டும். ஒவ்வொரு ஷட்டரும் திறக்கும் வளைவையும் ஒவ்வொரு டிராயரும் வெளியே வரும் செவ்வகத்தையும் வேறு நிறத்தில் ஒட்ட வேண்டும். மேடை உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, சமைப்பவரை அங்கே ஒரு வேளைச் சமையலை நடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து, எடுத்ததை வைத்து, கழுவி, நறுக்கி, அடுப்புக்குப் போகட்டும். நாடாக்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் அவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் கவனித்தால் மாற்ற வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.

கீழ்ப் பெட்டிகளில் அடுக்குத் தட்டா, டிராயரா என்ற கேள்விக்குச் சந்தேகமே இல்லாமல் டிராயர்தான் பதில். 560 மி.மீ. ஆழமுள்ள தட்டில் குனியாமல் கண்ணுக்குத் தெரிவது முன்பாதி மட்டுமே. பின்பாதியில் இருப்பது மறந்துபோகும், மறந்ததால் மறுபடி வாங்கப்படும். ஆனால் டிராயரிலும் இடம் விரயமாகும் ஒரு வழி இருக்கிறது: குறுகலான பெட்டிகளாகப் பிரிப்பது. கணக்கு எளிது. 18 மி.மீ. பலகையில் செய்த பெட்டிக்கு இரு பக்கச் சுவர்கள் 36 மி.மீ. பக்கவாட்டு டெலிஸ்கோபிக் சேனல் ஒவ்வொன்றுக்கும் 12.7 வீதம் இரண்டுக்கும் சேர்த்து 26 என்று வைக்கலாம். டிராயரின் சொந்தச் சுவர்கள் 16 மி.மீ. என்றால் 32. ஆக, பெட்டி எவ்வளவு அகலமானாலும் 94 மி.மீ. போய்விடும். 600 மி.மீ. பெட்டி ஒன்றில் உள் அகலம் 506 கிடைக்கும். அதே நீளத்தில் 300-ஆக இரண்டு போட்டால் மொத்தம் 412. 200-ஆக மூன்று போட்டால் 318. பாட்டில் இழுப்பான்கள் அழகாக இருக்கும் என்று வரிசையாகப் போடுவதால் ஏற்படும் நட்டம் இதுதான். ஒன்று போதும், அதுவும் வேறு எதற்கும் பயன்படாத இடைவெளியில்.

அகலத்துக்கும் எல்லை உண்டு. 900-ஐத் தாண்டிய டிராயரை ஒரு ஓரத்தில் பிடித்து இழுத்தால் கோணலாக ஓடும். இரு சேனல்களையும் சேர்ந்தே நகர்த்தும் குறுக்குத் தண்டு இருந்தால்தான் அந்த அகலத்துக்குப் போகலாம். பாத்திரம் நிறைந்த டிராயருக்குக் கனம் தாங்கும் திறன் 30 கிலோவுக்குக் குறையாத, முழுவதும் வெளியே வரும் சேனல் வேண்டும். முக்கால்வாசி மட்டும் வெளிவரும் சேனல் மலிவு. ஆனால் பின்பக்கம் 120 மி.மீ. போல மறைந்தே கிடக்கும். தட்டுக்குச் சொன்ன அதே குறை இங்கேயும் வந்துவிடும். 720 மி.மீ. உயரப் பெட்டியை 140, 290, 290 என்று பிரிப்பது பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பொருந்தும். மூன்றையும் சம உயரமாகப் பிரித்தால் மேல் டிராயரில் கரண்டிகளின் மீது வெற்றிடம் நிற்கும், கீழே பெரிய பாத்திரம் நுழையாது.

ஷட்டருக்குப் பின்னால் உள்டிராயர் வைக்கும் அமைப்பில் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. 110 டிகிரி திறக்கும் சாதாரண ஹிஞ்ச் (கீல்), முழுக்கத் திறந்த பிறகும் ஷட்டரின் தடிமனைப் பெட்டியின் வாய்க்குள் சற்று நீட்டிக்கொண்டே நிற்கும். டிராயர் அதில் உரசி லேமினேட்டைக் கீறும். இதற்கென்றே ஷட்டரை வாயிலிருந்து முழுவதும் விலக்கும் 155 டிகிரி ஹிஞ்ச் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் சேனலை உள்பக்கமாகக் கட்டையிட்டுத் தள்ளிப் பொருத்தி, அந்த அகலத்தை இழந்தாக வேண்டும்.

மூலைதான் எல்லோரையும் ஆட்டிவைக்கும் இடம். இரு மேடைகள் சேரும் மூலையில் 600-க்கு 600 அளவுள்ள ஒரு குகை உருவாகிறது. அதற்காக விற்கப்படும் கருவிகள் பல: சுழலும் வட்டத் தட்டு, ஷட்டரோடு சேர்ந்து வெளியே வந்து பக்கவாட்டில் நகரும் கூடைகள், சிறுநீரக வடிவத் தட்டு. இவை வேலை செய்யும். ஆனால் வட்டத் தட்டு சதுரத்தின் ஓரங்களை விட்டுவிடும். கூடைகளின் கம்பிச் சட்டமே கணிசமான இடத்தைத் தின்னும். கூடையின் எடை முழுவதும் தொங்குவதால் ஓரிரு ஆண்டுகளில் முன்கூடை தாழ்ந்து அடிப்பலகையில் தட்டத் தொடங்குவதும் உண்டு. கூடைக்கான பெட்டிக்கு 900 முதல் 1000 மி.மீ. நீளம் வேண்டும்; அதில் திறக்கும் வாய் 450 போலத்தான். மூலையை மூடிவிட்டு அந்த நீளத்தை டிராயர்களுக்குக் கொடுத்தால், பல சமையலறைகளில் எடுத்துப் புழங்கும் இடம் அதிகமாகவே கிடைக்கிறது. மூலையை மூடுங்கள் என்று சொன்னால் வீட்டுக்காரர்களுக்கு மனம் ஒப்பாது. கணக்கைப் போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். மூலைக்கு அந்தப் பக்கம் வேறு அறை இருந்து, நடுவில் சுவர் இல்லாத மேடையாக இருந்தால், அந்தக் குகையை அந்த அறையிலிருந்து திறக்கும் அலமாரியாக ஆக்கிவிடலாம். மூலைக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை.

எதைச் செய்தாலும் மூலையின் இருபுறமும் 50 மி.மீ. ஃபில்லர் விட மறக்கக் கூடாது. கைப்பிடி 35 மி.மீ. துருத்திக்கொண்டிருக்கும்போது, ஃபில்லர் இல்லாத மூலையில் ஒரு டிராயரை இழுத்தால் அது எதிர் டிராயரின் கைப்பிடியில் இடிக்கும். ஃப்ரிட்ஜைச் சுவரை ஒட்டி வைப்பதும் இதே வகைப் பிழை. கதவு 90 டிகிரி திறந்து நின்றுவிடும். உள்ளே காய்கறிப் பெட்டியை இழுக்க அதற்கு மேலும் திறக்க வேண்டும்.

மேல் கேபினெட்டுகளை 300 முதல் 350 மி.மீ. ஆழத்தில் நிறுத்தி, மேடைக்கும் அவற்றுக்கும் இடையே 500 முதல் 600 மி.மீ. விட்டால் நறுக்கும்போது நெற்றி இடிக்காது. மேல்நோக்கி எழும் ஷட்டர் தலையில் இடிக்காது என்பது நன்மை. எழுந்து நின்ற ஷட்டரின் கைப்பிடியை எட்ட முடிகிறதா என்று உயரம் குறைந்தவரை வைத்துச் சோதிக்காமல் போட்டால், ஸ்டூல் ஏறித்தான் மூட வேண்டிவரும். விளக்குப் பட்டையை மேல் கேபினெட்டின் முன் விளிம்பில் ஒட்ட வேண்டும். பின்சுவரோரம் ஒட்டினால் ஓடுகள் மின்னும், நறுக்கும் இடம் மங்கும்.

மேடையின் உயரத்தை எல்லாருக்கும் ஒன்றாக 850 என்று போடுவது பழக்கமாகிவிட்டது. நின்று கையை மடக்கும்போது முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து 100 முதல் 150 மி.மீ. குறைத்தால் நறுக்கச் சரியான உயரம் வரும். முழங்கை 1030-இல் இருப்பவருக்கு 900 பொருந்தும். சிங்க்கில் கை 200 மி.மீ. ஆழத்துக்குப் போகிறது; முதுகு வலி அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பகுதியைச் சற்று உயர்த்த முடிந்தால் உயர்த்தலாம்.

சிங்க்கின் கீழே உள்ள பெட்டியைப் பெரும்பாலோர் குழாய்களுக்கென்றே விட்டுவிடுகிறார்கள். கழிவுநீர் வளைகுழாயைப் பெட்டியின் நடுவில் தொங்கவிடாமல், பின்சுவரை ஒட்டிப் போகும் தட்டை வகையைப் போட்டால், U வடிவில் வெட்டிய டிராயர் ஒன்றும் அதன் கீழே குப்பைத்தொட்டி இழுப்பானும் அங்கே நிற்கும். குழாயை அடைக்கும் வால்வுக்குக் கை போக வழி விட்டே ஆக வேண்டும். பலகைகள் முதலில் ஊதுவதும் இந்தப் பெட்டியில்தான். குழாய்க்காகத் துளைத்த துளையின் உள்விளிம்பு மூடப்படாமல் பச்சையாக விடப்படுவதே காரணம். பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெட்டிய ஓரம் நீரை உறிஞ்சும். சிலிகான் பூசி மூட இரண்டு நிமிடம் ஆகும்.

சிம்னியின் புகைக்குழாய் மேல் கேபினெட்டுக்குள் புகுந்து வரும்போது இடம் போகிறதே என்று 150 மி.மீ. குழாயை 100-ஆகச் சுருக்குவது மோசமான சிக்கனம். விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. காற்று போகும் பரப்பு 177 சதுர செ.மீ.-யிலிருந்து 79-ஆக விழுகிறது. சத்தம் கூடும், புகை தங்கும், எண்ணெய்ப் பசை கேபினெட்டுகளின் மீது படியும். ஒரு தட்டின் பாதியைக் குழாய்க்குக் கொடுத்துவிடுவதே மேல்.

மடக்கு மேசை, மேடைக்கு அடியிலிருந்து நீளும் பலகை, கீழ்ப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே வரும் ஸ்கர்டிங் டிராயர் போன்றவற்றைப் பற்றி ஒரே அளவுகோல்தான். இரண்டு அசைவுக்குள் விரிந்தால் தினமும் பயன்படும். கொக்கியைக் கழற்றி, காலை நிமிர்த்தி, திருகை இறுக்க வேண்டியிருந்தால் முதல் மாதத்துக்குப் பிறகு அது நிரந்தரமாக விரிந்தே கிடக்கும், அல்லது விரியவே விரியாது. விரிந்தே கிடந்தால் நடைவழியை அடைக்கும். ஆகவே திறந்த நிலை வரைபடத்தில் அதையும் விரித்தே வரைய வேண்டும். ஸ்கர்டிங் டிராயரில் தட்டையான தட்டுகளை வைக்கலாம். தரை கழுவும் நீர் நுழையும் வீட்டில் அது வேண்டாம்.

ஒப்படைக்கும் நாளில் எல்லா ஷட்டர்களையும் டிராயர்களையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து, வரைபடத்தின் இரண்டாவது தாளோடு ஒப்பிட வேண்டும். பிறகு காலியாக இருக்கும் நிலையில் ஷட்டர் இடைவெளிகளை 3 மி.மீ.-க்குச் சரிசெய்யலாம். ஆனால் பாத்திரங்கள் ஏறிய பிறகு உயரமான ஷட்டர்கள் ஒன்றிரண்டு மி.மீ. இறங்கும். ஒரு மாதம் கழித்து ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பிப் போய், ஹிஞ்ச்சில் பக்கவாட்டுத் திருகை முதலிலும் உயரத் திருகைப் பிறகும் திருப்பிச் சரிசெய்யும் நாளை வேலை அட்டவணையிலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.