நர்சிங் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு: வேலைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

"ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்." பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடத்தில் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஓடுகிற பேச்சு இதுதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நர்சிங்கில் ரிசல்ட் வருகிற நாள் வேறு, நீங்கள் சட்டப்படி நர்ஸ் ஆகிற நாள் வேறு. ரிசல்ட்டுக்குப் பிறகு மார்க் ஷீட் வர வேண்டும், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து ப்ரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) வர வேண்டும், அதற்குப் பிறகு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவாக வேண்டும். எனவே ஜூனியர் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது இந்தப் பதிவு எண்ணை வைத்துத்தான். அது எப்போது கைக்கு வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். தனியார் மருத்துவமனைக்கு அதற்கு முன்பே பேச்சைத் தொடங்கலாம். அரசுத் தேர்வும் வெளிநாடும் அதற்குப் பிறகுதான்.

முதலில் தனியார். இப்போது செமஸ்டர் முறை வந்துவிட்டது. எட்டாவது செமஸ்டரில் இன்டர்ன்ஷிப். அந்த இன்டர்ன்ஷிப் தொடங்கும்போதே ரெஸ்யூமை அனுப்பத் தொடங்கிவிடலாம் என்பது என் கருத்து. பெரிய மருத்துவமனைகள் புதியவர்களை ஒவ்வொருவராக எடுப்பதில்லை, பேட்ச் பேட்சாக எடுப்பார்கள். கல்லூரிக்கே வந்து கேம்பஸ் இன்டர்வியூ நடத்துகிறவர்களும் கடைசி வருடத்தில்தான் வருவார்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தால் உங்களோடு சேர்ந்து அந்த வருடம் முடித்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். முன்கூட்டியே போகிறவர்களிடம் மருத்துவமனை கேட்பது மூன்று மட்டுமே: இதுவரை வந்த மார்க் ஷீட்கள், அங்கே படிப்பதாகக் கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ், தேர்வு எப்போது முடியும் என்ற தேதி. "ரிசல்ட் வந்ததும் சேருகிறேன், பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு அத்தாட்சியைத் தருகிறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஹெச்.ஆர். ஆட்களுக்கு இது பழகிய விஷயம்தான்.

எங்கள் மருத்துவமனையில் புதியவர்களுக்கான இன்டர்வியூவில் நானும் உட்காருவதுண்டு. நாங்கள் தேடுவது பெரிய அறிவை அல்ல. ஐந்நூறு மில்லி என்.எஸ். (நார்மல் சலைன்) நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், ட்ரிப் செட் மில்லிக்குப் பதினைந்து துளி, நிமிடத்துக்கு எத்தனை துளி என்று கேட்போம். 500 பெருக்கல் 15, வகுத்தல் 240, முப்பத்தொன்று. இதைத் தாளில் போட்டுச் சொன்னாலும் சரிதான். மனதிலேயே போட்டு, தடுமாறித் தப்பாகச் சொல்கிறவர்களைவிட, "தாள் தாருங்கள் சிஸ்டர், போட்டுப் பார்க்கிறேன்" என்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும். வார்டில் அவள் மருந்தை இரண்டு தடவை பார்த்துத்தான் போடுவாள். இன்னொரு கேள்வி: ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்கு நடுக்கம் வருகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? டாக்டரைக் கூப்பிடுவேன் என்றுதான் பாதிப் பேர் தொடங்குவார்கள். முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். அப்புறம் புதிய செட்டில் சலைன் போட்டு லைனைக் காப்பாற்ற வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். இன்டர்ன்ஷிப்பில் இருக்கும்போதே போனால் இதெல்லாம் கையில் புதிதாக இருக்கும். ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களிடம் பொட்டாசியம் நார்மல் அளவைக் கேட்டால்கூட ஒரு கணம் முழிக்கிறார்கள்.

பதிவு எண் வருவதற்கு முன்னால் ட்ரெயினியாகச் சேரலாமா என்று கேட்பார்கள். கற்றுக்கொள்வதற்கு என்றால் சேரலாம். ஆனால் பதிவு இல்லாமல் ஸ்டாஃப் நர்ஸ் என்று தனியாக ஒரு ஷிஃப்ட்டைப் பார்க்கவிட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏதாவது ஆனால் மாட்டுவது நீங்கள்தான். இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுக்கு அனுபவத்தைக் கணக்கிடும்போது பெரும்பாலும் பதிவு தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். அதற்கு முந்தைய மாதங்கள் உங்கள் உழைப்பில் இருக்கும், காகிதத்தில் இருக்காது.

அதனால் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். கவுன்சில் அலுவலகம் சென்னை சாந்தோமில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் 700 கிலோமீட்டருக்கு மேல். ஒரு காகிதம் குறைகிறது என்று மறுபடி ஒரு நடை போவது சாதாரண செலவு இல்லை. கல்லூரியை விட்டு வெளியே வருமுன்னே டி.சி., கான்டக்ட், கோர்ஸ் கம்ப்ளீஷன் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அப்பா ஃபீஸ் பாக்கி வைத்திருந்தால் அதையும் அதற்குள் பேசி முடித்துவிடுங்கள், கடைசியில் சான்றிதழ் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

பெயர் விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இது தலைவலி பிடித்த விஷயம். பள்ளிச் சான்றிதழில் ஜெ. ஷைனி என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்த்திருப்பார்கள். ஞானஸ்நானச் சான்றிதழில் வேறொரு பெயர். கல்யாணம் ஆகிவிட்டால் கணவர் பெயர். இந்தியாவுக்குள் வேலை பார்க்கும்வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போது ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது அஃபிடவிட் எழுத ஓடுவதைவிட, கடைசி வருடத்திலேயே பாஸ்போர்ட்டை எடுத்து, மார்க் ஷீட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்வது எளிது.

களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளாவில் வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அது இயல்புதான். நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரமும் நமக்கு பஸ் தூரம். 2018இல் கேரள அரசு தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்குக் குறைந்தபட்ச சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்ததும் ஒரு காரணம். ஆனால் தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு கேரளாவில் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அங்குள்ள கவுன்சிலிலும் பதிய வேண்டும். அதற்கு இங்கிருந்து சரிபார்ப்பும் ஆட்சேபணையின்மைச் சான்றும் போக வேண்டும். ஆக, கேரளாதான் என்று முடிவு செய்தவர்கள் தமிழ்நாட்டுப் பதிவு கிடைத்த அதே வாரத்தில் அடுத்ததற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நடுவில் கிடைக்கும் மாதங்களை நாகர்கோவிலிலோ நெய்யூரிலோ வேலை பார்த்துக் கழிக்கலாம். நெய்யூர் மருத்துவமனை 1838இலேயே தொடங்கியது, வடசேரிப் பக்கம் கேத்தரின் பூத் மருத்துவமனையும் பழையது. பல வகை நோயாளிகளைப் பார்த்துப் பழக இங்கும் இடம் உண்டு. சம்பளம் சின்னதாக இருந்தாலும் முதல் வருடத்தில் எங்கே நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். பத்துப் படுக்கை கிளினிக்கில் இருக்கும் இரண்டு வருடமும், ஐ.சி.யூ. உள்ள பெரிய மருத்துவமனையில் இருக்கும் இரண்டு வருடமும் பின்னால் ஒன்றாக எடைபோடப்படாது.

அரசு வேலைக்கு வருவோம். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வு 2020இல் தொடங்கியது. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்கு முன் அனுபவம் கேட்பதில்லை, ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) என்றால் ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். தமிழ்நாட்டில் எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு இருக்கிறது. நம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை அந்த வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2015இல் எம்.ஆர்.பி. வழியாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள், மாதம் 7,700 ரூபாய் என்று தொடக்கம். நிரந்தரப்படுத்த அவர்கள் எவ்வளவு காலம் போராடினார்கள் என்பது தெரிந்த கதை. அரசு வேலை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஓடாமல், அறிவிப்பில் நிரந்தரமா, தொகுப்பூதியமா, ஒப்பந்தமா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இந்தத் தேர்வுகளிலும் பதிவு எண்தான் கதவு. கவுன்சில் பதிவை விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்குள் கேட்பதுதான் வழக்கம். தேர்வுக்குள் வந்துவிடும் என்ற சமாதானம் அங்கே செல்லாது. பதிவு இரண்டு மாதம் தாமதமானால் ஒரு அறிவிப்பே கையை விட்டுப் போகலாம். படிப்பு மட்டும் எப்போது தொடங்கினாலும் நல்லதுதான். மூன்றாம் வருடமே கேள்விகளைப் போட்டுப் பழகியவர்கள் கடைசியில் திணறுவதில்லை.

வெளிநாட்டில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கின்றன. அதற்கு முன்பே லைசென்ஸ் தேர்வுக்கு ஓடுவதில் பிரயோசனம் கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் இரண்டு வருடம்தான் ஆயுள். கடைசி வருடத்தில் உற்சாகமாக எழுதிவிட்டு, அனுபவம் சேருவதற்குள் அது காலாவதியானால் பணம் போச்சு. அனுபவம் ஒன்றரை வருடத்தைத் தொடும்போது எழுதினால் சரியாக இருக்கும். இங்கிலாந்துக்கு நேரடியாக அனுபவம் கேட்பதில்லை என்றாலும் மருத்துவமனைகள் வேலை தரும்போது பார்க்கும். ஜெர்மனி மட்டும் வேறு மாதிரி. அங்கே மொழிதான் பெரிய மலை, பி-2 நிலைவரை ஏற வேண்டும். அதைக் கடைசி வருடத்திலேயே தொடங்கினாலும் வீணாகாது. தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது. தனியார் ஏஜென்டிடம் போவதற்கு முன் அங்கே ஒருமுறை கேளுங்கள். தனியாரிடம் போனால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு செய்தவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு ஆளிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடலாம்.

கல்விக் கடன் இருக்கிறதா? பெரும்பாலான வங்கிகளில் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். வீட்டில் ரப்பர் பால்வெட்டு வருமானத்தில் அதைக் கட்ட முடியுமா என்பதை இப்போதே அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். ஓராண்டு என்பதில் ரிசல்ட்டும் பதிவும் பாதியைத் தின்றுவிடும். முதல் வேலையை உள்ளூரிலேயே பார்ப்பதா, பெங்களூருக்குப் போவதா என்பதை முடிவு செய்வது பல நேரம் இந்தத் தவணைதான்.

வேலை கிடைத்துக் கையெழுத்துப் போடும் நாளைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்று சொன்னால் எத்தனை மாதம், இடையில் விட்டால் எவ்வளவு, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் காட்டுங்கள், சரிபார்த்ததும் அங்கேயே திரும்ப வாங்கிவிடுங்கள். கையில் நகல் மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியும் உங்களிடம் இருக்கட்டும். வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழில் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வார்டு நான்கும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுங்கள்.