லைட்வெயிட் டபுள் போச்சு, இனி எங்கட பிள்ளையள் எதுல ஓட்டுறது?

2024 பரிஸ் ஒலிம்பிக்கோட, ரோயிங் எண்ட படகோட்டத்துல பாரம் குறைஞ்ச ஆக்களுக்கான லைட்வெயிட் டபுள் ஸ்கல்ஸ் முடிஞ்சுது. 2028ல லொஸ் ஏஞ்சலிஸ்ல அந்த ரேஸ் இல்ல, ஆம்பிளையளுக்கும் இல்ல பொம்பிளையளுக்கும் இல்ல. கொழும்புல இதப்பற்றிக் கவலைப்படுற ஆக்கள் ஒரு சின்னக் கூட்டம்தான், விடியக் காலமை பேர வாவிப் பக்கம் போய்ப் பழகினவை, இப்பவும் போறவை, அவையின்ர அப்பா அம்மா, அவ்வளவுதான். எனக்கு இது சின்ன விசயமாத் தெரியேல்ல. ரோயிங் தெரியாத ஆக்களும் வாசிப்பீங்கள், அதால முதல்ல டபுள் எண்டா என்னெண்டு சொல்லிட்டு வாறன்.

ஒரு போட்ல ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு துடுப்பு, மொத்தம் நாலு. ஆளுக்கு ஒரே ஒரு துடுப்போட ரெண்டு பேர் ஓட்டுற ரேஸும் இருக்கு, அதப் பெயார் எண்டு சொல்லுவம், அது வேற. டபுள்ல கொக்ஸ் இல்ல, சத்தம் போட்டு வழி காட்ட ஒருத்தரும் இல்ல. போட் கிட்டத்தட்ட 10 மீற்றர் நீளம், பாரம் ஆகக்குறைஞ்சது 27 கிலோ இருக்கவேணும் எண்டு விதி. 10 மீற்றர் சாமான் 27 கிலோதான் எண்டா அது எவ்வளவு மெல்லிசா இருக்கும் எண்டு பாருங்கோ, ஒரு ஆள் தலையத் திருப்பினாலே மற்ற ஆளுக்குத் தெரியும். தூரம் 2000 மீற்றர், ஆறு லேன்ல ஆறு போட். ரெண்டு பேருமே பின்பக்கம் பாத்துக்கொண்டுதான் இருப்பினம், முடியிற கோடு முதுகுக்குப் பின்னால. ஸ்ட்ரோக் சீட்ல இருக்கிறவதான் வேகத்தையும் தாளத்தையும் வைக்கிறது. அவவுக்குப் பின்னால போ சீட், நான் இருந்தது அதுலதான். போ சீட்டுக்குத்தான் அப்பப்பத் திரும்பிப் பாத்து போட்ட நேராக் கொண்டுபோற பொறுப்பு, எப்ப வேகம் கூட்டுறது எண்டு சொல்லுற பொறுப்பும்.

இது கையால இழுக்கிற விளையாட்டு எண்டுதான் கன பேர் நினைக்கினம். பெலன் வாறது காலுல இருந்து. சீட் சில்லுல ஓடும், சப்பாத்து போட்டோட பூட்டியிருக்கும், முழங்கால் மடக்கி முன்னுக்கு வந்து துடுப்பத் தண்ணிக்குள்ள வைச்சு காலால தள்ளி, பிறகு முதுகு, கடைசியாத்தான் கை. நடுவுல ரெண்டு கைப்பிடியும் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்து கடக்கும், இடது கை கொஞ்சம் மேல, வலது கை கீழ, பழகிற காலத்துல இடது கை நகம் பட்டு வலது கை மூட்டெல்லாம் தோல் உரிஞ்சு எரியும், ரோயிங் செய்த ஆரின்ர கையையாவது பாத்தீங்கள் எண்டா அந்தத் தழும்பு இருக்கும். ஆனா டபுள்ல என்னை ஆகக் கூட இழுத்தது அது இல்ல. போட் ஆகக் கூடின வேகத்துல போறது துடுப்பு தண்ணிக்குள்ள இருக்கேக்க இல்ல. துடுப்ப வெளியில எடுத்திட்டு ரெண்டு பேரும் சீட்ல மெதுவா உருண்டு வருவினம் பாருங்கோ, அந்த நேரம்தான். எங்கட உடம்புப் பாரம் ஒரு பக்கம் வர போட் எங்களுக்குக் கீழால மற்றப் பக்கம் ஓடும். அந்த இடத்துல ஒரு ஆள் அவசரப்பட்டு முன்னுக்கு வந்தா சேத்து வைச்ச வேகம் அப்பிடியே செத்துப்போகும். அதால ரெண்டு பெலசாலியள ஒரு போட்ல இருத்தினா வேகம் வந்துடும் எண்டு இல்ல. சும்மா வாற நேரத்தையும் ரெண்டு பேரும் ஒரே அளவில வரப் பழகவேணும், அதுக்கு வருசக் கணக்கா ஒண்டா இருந்து ஓட்டவேணும்.

மேல் மட்டத்துல வித்தியாசம் எவ்வளவு சின்னன் எண்டதுக்கு, பாரக் கட்டுப்பாடு இல்லாத ஓப்பின் டபுள் ரேஸ் கணக்கப் பாருங்கோ. 2008 பெய்ஜிங்ல நியூசிலாந்து இரட்டைச் சகோதரியள் ஜோர்ஜினா, கரோலின் எவர்ஸ் ஸ்விண்டெல் ஜேர்மனிய வெண்டது 0.01 செக்கனால, 2000 மீற்றர் ஓட்டிட்டு 0.01! 2004 ஏதென்ஸ்லயும் தங்கம் அவைக்குத்தான். டோக்கியோவுல ஆம்பிளையள் ஃபைனல்ல பிரான்ஸ் 6:00.33, நெதர்லாந்து 6:00.53. பரிஸ்ல பொம்பிளையள் ஃபைனல்ல நியூசிலாந்தின்ர ப்ரூக் ஃபிரான்சிஸும் லூசி ஸ்பூர்ஸும் டோக்கியோ சம்பியன் ருமேனியாவ வெண்டது கால் செக்கனும் இல்லாத வித்தியாசத்துல. இவை ரெண்டு பேருமே டோக்கியோவுக்குப் பிறகு பிள்ளை பெத்து, அதுக்குப் பிறகு திரும்பிப் பயிற்சிக்கு வந்தவை. நான் அந்த ரேஸ வெள்ளவத்தையில வீட்ட ஃபோன்லதான் பாத்தன், பக்கத்துல இருந்த சித்தி ரோயிங் ஒண்டும் தெரியாதவ, பிள்ளை பெத்தவையோ எண்டு கேட்டிட்டு கடைசி 500 மீற்றர் என்னைவிடக் கூடச் சத்தம் போட்டவ.

இனி லைட்வெயிட் கதைக்கு வாறன். ரோயிங்ல உயரமும் பாரமும் பெரிய உதவி. கால் கை நீளம் எண்டா துடுப்பு தண்ணிக்குள்ள போற தூரம் கூட, அதால ஓப்பின்ல ஓட்டுறவை பெரும்பாலும் ஆறடிக்கு மேல. ஐரோப்பா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து எண்டு சில நாடுகளோடயே இந்த விளையாட்டு நிண்டுடக் கூடாது எண்டுதான் 1996 அட்லாண்டாவுல லைட்வெயிட் ரேஸுகளச் சேத்தது. டபுள்ல ஆம்பிளையள் எண்டா ஒரு ஆள் 72.5 கிலோவுக்கு மேல போகக்கூடாது, ரெண்டு பேரின்ர சராசரி 70 எண்டு விதி இருந்தது. பொம்பிளையளுக்கு 59, சராசரி 57. ரேஸுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில தராசுல ஏறிக் காட்டவேண்டியிருந்தது.

இந்த அளவுக்குள்ள வந்தாப் பிறகுதான் ஆசியாவுல எங்கள மாதிரி உடம்பு இருக்கிற ஆக்களுக்கு ஒரு கதவு திறந்தது. டோக்கியோவுல இந்தியாவின்ர அர்ஜுன் லால் ஜாட்டும் அர்விந்த் சிங்கும், ரெண்டு பேருமே ராணுவத்துப் பொடியள், லைட்வெயிட் டபுள்ல 11ஆவது இடம். அதே ஒலிம்பிக்ல வியட்நாம், இந்தோனேசியா ரெண்டு நாட்டுப் பிள்ளையளும் லைட்வெயிட் டபுள்லதான் வந்தவை. பிறகு ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல அர்ஜுனும் அர்விந்தும் வெள்ளி எடுத்தினம். டோக்கியோவுக்கும் பரிஸுக்கும் இலங்கையில இருந்து ரோயிங்குக்கு ஒருத்தரும் போகேல்ல, ஆனா போறதெண்டா இதாலதான் போகலாம் எண்டு நாங்கள் நினைச்சுக்கொண்டிருந்த வழி இது.

உடம்பு சின்னன் எண்டா ரேஸும் சின்னன் எண்டு நினைக்காதேங்கோ. குரோஷியாவின்ர சின்கோவிச் அண்ணன் தம்பி 2014 ஆம்ஸ்டர்டாம்ல 5:59.72 ஓட்டினவை, ஓப்பின் டபுள்ல ஆறு நிமிசத்துக்குள்ள முதல் முதல் வந்தது அவைதான். டோக்கியோ செமி ஃபைனல்ல அயர்லாந்தின்ர ஃபின்டன் மெக்கார்த்தியும் போல் ஓடொனவனும் லைட்வெயிட் டபுள்ல 6:05.33. ஆறு செக்கன் கூட வித்தியாசம் இல்ல.

இந்த அயர்லாந்துக் கதை இருக்கே, எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இதத் திரும்பத் திரும்பச் சொல்லவேணும் எண்டு எனக்கு ஆசை. அதுவும் ஒரு தீவு. 2016 வரைக்கும் ஒலிம்பிக் ரோயிங்ல அவைக்கு ஒரு பதக்கமும் இல்ல. ஸ்கிபரீன் எண்டு கோர்க் பக்கம் ஒரு சின்ன ஊர், அந்த ஊர் கிளப்பில இருந்து வந்த கேரி ஓடொனவன், போல் ஓடொனவன், அண்ணனும் தம்பியும், ரியோவுல லைட்வெயிட் டபுள்ல வெள்ளி எடுத்தினம். பிறகு போலும் அதே ஊர் ஃபின்டனும் சேந்து டோக்கியோவுல தங்கம், பரிஸ்ல திரும்பியும் தங்கம். அதோட நிக்கேல்ல, பரிஸ்ல ஓப்பின் டபுள்லயும் அயர்லாந்து வெண்கலம் எடுத்தது, ஃபிலிப் டொயிலும் டயர் லிஞ்சும், தங்கம் ருமேனியா, வெள்ளி நெதர்லாந்து. லைட்வெயிட்டால உள்ள வந்த நாடு எட்டு வருசத்துல பெரியாக்களோட ஒரே ஃபைனல்ல நிண்டு பதக்கம் எடுத்திருக்கு. ஒரு பதக்கம் வந்தா காசு வரும், கோச் வருவினம், சின்னப் பிள்ளையள் வருவினம், கொஞ்ச நாளையில உயரமான பிள்ளையும் வரும். அந்தக் கதவ இப்ப மூடியாச்சு, நாங்கள் இன்னும் வாசலுக்கே போகேல்ல.

பேர வாவியில ரோயிங் புதுசில்ல எண்டதையும் சொல்லவேணும். கொழும்பு ரோயிங் கிளப் 1864ல தொடங்கினது, மெட்ராஸ் போட் கிளப் 1867ல. 1898ல இருந்து ரெண்டு கிளப்பும் போட்டி போடுது, ஒருக்கா இங்க, ஒருக்கா அடையாறுல. இவ்வளவு பழைய சரித்திரம் இருக்கிற இடத்துல 2000 மீற்றர் நேரா ஓட்ட இடமில்ல. திருப்பித் திருப்பித்தான் தூரம் சேக்கவேணும், தண்ணி சில மாசம் பச்சையா நாறும், தியவன்னா ஓயாப் பக்கம் போனாக் கொஞ்சம் நல்லம். இப்பிடி இருந்தும் விடியப்புறம் அஞ்சரைக்கு அப்பாமார் மோட்டச்சைக்கிள்லயும் திரீவீல்லயும் பிள்ளையளக் கொண்டுவந்து இறக்கினம். போன கிழமை அதுல ஒரு பிள்ளை என்னட்ட வந்து கேட்டா, "அக்கா, இனி லைட்வெயிட் இல்லையாம், உண்மையோ? நான் 54 கிலோ."

நான் ஓம் எண்டன், வேற என்ன சொல்ல. பிறகு படகுக் கொட்டிலுக்குள்ள இருந்து அவவுக்கு பீச் ஸ்பிரிண்ட் பற்றிச் சொன்னன்.

லைட்வெயிட்ட எடுத்திட்டு ஒலிம்பிக்ல புதுசாச் சேத்தது அதத்தான். கடற்கரை ரோயிங். ஆம்பிளையளுக்குத் தனி, பொம்பிளையளுக்குத் தனி, மூண்டாவது மிக்ஸ்ட் டபுள் ஸ்கல்ஸ், ஒரே போட்ல ஒரு ஆணும் ஒரு பொண்ணும். ரெண்டு போட் ரெண்டு போட்டாத்தான் மோதும். மணல்ல ஓடி வந்து போட்ல பாஞ்சு ஏறி, மிதவையளுக்கு இடையால வளைஞ்சு வளைஞ்சு 250 மீற்றர் கடலுக்குள்ள போய், திரும்பி 250 மீற்றர் கரைக்கு வந்து, குதிச்சு ஓடிப்போய் முடிக்கவேணும். அந்தப் போட் அகலம் கூட, பாரமும் கூட, அலைய வாசிக்கத் தெரிஞ்சவைக்கு அங்க பலன் இருக்கு. உடம்புப் பெலனும் வேணும்தான், இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன், ஆனா அலையில ஒரு திருப்பம் பிழைச்சாலும் பெரிய ஆள் தோப்பார்.

எங்களுக்கு இதுல இருக்கிற வசதிய நினைச்சுப் பாருங்கோ. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் தென்மேல் பருவக்காத்து, கல்கிசை, நீர்கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கும், அந்த நேரம் பாசிக்குடா, திருகோணமலை அமைதி. வருசக் கடைசியில அது அப்பிடியே மாறும். வருசம் முழுக்க ஏதோ ஒரு கரையில பயிற்சி செய்யலாம், அமைதியான கடல் வேணும் எண்டாலும் இருக்கு, கொந்தளிக்கிற கடல் வேணும் எண்டாலும் இருக்கு, ஒரே நாட்டுக்குள்ள, ஒரு நாள் பஸ் பயணத்துல. 2000 மீற்றர் வாவி தேடத் தேவையில்ல, 250 மீற்றர் கடல் போதும். வடக்கு கிழக்கு மீனவக் குடும்பத்துப் பிள்ளையள் அலையோட வளந்தவை, அவையள ஒருத்தரும் இதுவரைக்கும் ரோயிங்குக்குக் கூப்பிட்டு நான் கேள்விப்படேல்ல. பேர வாவியில பழகின பிள்ளைக்கு டபுள்ல ரெண்டு பேரா அசையத் தெரியும், வாழைச்சேனைப் பிள்ளைக்குக் கடல் தெரியும், இந்த ரெண்டு பேரையும் ஒரு போட்ல இருத்தவேணும் எண்டுதான் நான் கேக்கிறன். அதுக்கு நாலு கோஸ்டல் டபுள் போட்டும் ஒரு கோச்சும் வேணும். பெரிய காசுதான், ஆனா கட்டடம் கட்டுற அளவுக் காசு இல்ல.

அந்தப் பிள்ளை எல்லாத்தையும் கேட்டிட்டு, "பொடியனோட ஒரே போட்லயோ, அம்மா விடமாட்டா" எண்டா. இது உண்மையான பிரச்சினைதான், எங்கட வீடுகளத் தெரிஞ்சவைக்கு விளங்கும். எத்தினை நல்ல ஸ்கோட் இந்தக் கதையோட கலைஞ்சு போயிருக்கு. ஆனா பேசலாம். போ சீட்ல இருந்து வழி காட்டுறது, கட்டளை போடுறது உங்கட மகளாத்தான் இருப்பா எண்டு ஒரு அம்மாவுக்குச் சொன்னா அவ யோசிப்பா எண்டு நினைக்கிறன். வாற ஞாயிற்றுக்கிழமை அவவின்ர வீட்ட போறன், வெள்ளவத்தையிலதான், எங்கட ஒழுங்கையில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி. ஹாங்சோ ரேஸ் வீடியோவையும் ஒரு பீச் ஸ்பிரிண்ட் வீடியோவையும் ஃபோன்ல இறக்கி வைச்சிருக்கிறன். பாசிக்குடா, திருகோணமலைப் பக்கம் ரோயிங்குக்கு வர விருப்பமான பிள்ளையள ஆருக்காவது தெரிஞ்சா கீழ எழுதுங்கோ.