குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் எதைப் பார்ப்பது?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், பேரப்பிள்ளை நடந்துவிட்டானா என்று கேட்காத பாட்டிமார் இல்லை. அவன் விரலால் எதை எடுக்கிறான், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா என்று கேட்பவர்கள்தாம் மிகக் குறைவு. மருத்துவர்களும் தாதியரும் குழந்தையின் மன, உடல் வளர்ச்சியை மதிப்பிடும்போது இவை அனைத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

ஏழெட்டு மாதக் குழந்தையின் முன் ஒரு பொரியை வைத்தால் கை முழுவதையும் விரித்து வாரிக்கொள்ளும்; ஓராண்டு நெருங்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியோடு நுனி சேர்ந்து அதைக் கிள்ளி எடுக்கும். (அருகிலேயே இருங்கள், உடனே வாய்க்குள் போகும்.) ஒரு பொம்மையைக் கண்ணெதிரில் துணியால் மூடும்போது துணியை விலக்கித் தேடும் குழந்தை, மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்று அறிந்திருக்கிறது. கையும் அறிவும் கூடி வளர்வதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு ஆய்வின்படி, துணையின்றி நடப்பது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதத்திற்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பே. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இளந்தாய்மாரை அழவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்தே இரண்டு வயதுவரை அதன் வயதைக் கணக்கிட வேண்டும்.

ஆனால் ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டாலும், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலும், பேசிய சொற்களை இழந்தாலும், ‘அவன் அப்பாவும் இப்படித்தான்’ என்று காத்திராமல், சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.