டிக் போடுவதற்கு முன்

என் பையில் எப்போதும் பத்து மரக்கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனசதுரம். சிவப்புச் சாயம் மூலைகளில் உரிந்துவிட்டது. அவற்றோடு ஒரு சின்ன மணி, துணிப் பொம்மை, தடித்த க்ரேயான் இரண்டு, படப்புத்தகம், சோப்புக் குமிழி ஊதும் டப்பா. ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்து விளையாடி, அவர்கள் வளர்ச்சி எப்படிப் போகிறது என்று பெற்றோரிடம் சொல்வது என் வேலை. 16 வருடமாகச் செய்கிறேன்.

சேர்ந்த புதிதில் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். 15 மாதத்தில் இரண்டு கட்டை அடுக்கும். ஒன்றரை வயதில் நான்கு, இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் ஒன்பது. படம் வரைவதிலும் அப்படித்தான்: மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நாலரையில் சதுரம், ஐந்தில் முக்கோணம். செய்தால் டிக், செய்யாவிட்டால் கோடு. இரண்டே வாரத்தில் பட்டியல் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வேலையும் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் வந்தவன்தான் அந்தப் பையன். இரண்டே கால் வயது. "இன்னும் பேச்சு வரல மேடம்" என்றார் அம்மா. கூட வந்த பாட்டி உடனே, "இவங்க அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், இவ சும்மா பயப்படுறா" என்றார். பையன் படுசுட்டி. ஆறு கட்டையை மளமளவென்று அடுக்கினான். பொம்மையைப் படுக்கவைத்து என் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திவிட்டான். மணியை எடுத்து அவன் பக்கவாட்டில் ஆட்டினேன். சட்டென்று திரும்பினான். 'ஒலி வரும் பக்கம் திரும்புகிறான்' என்ற வரியில் டிக் போட்டேன். மற்ற எல்லாம் நன்றாக இருந்ததால், மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது ஒரு சொல்கூடக் கூடியிருக்கவில்லை. அன்று எங்கள் மூத்த சகா ஒருவரும் அறையில் இருந்தார். அவனைக் கட்டை விளையாட்டில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் போய், நிழல் விழாதபடி சுவரை ஒட்டி நின்று அதே மணியை ஆட்டினார். பையன் கட்டை அடுக்கிக்கொண்டே இருந்தான். இன்னொரு முறை ஆட்டினார். அவன் நிமிரவில்லை. முதல் தடவை அவன் திரும்பியது மணிச் சத்தத்துக்கு அல்ல. என் தோள் அசைந்ததைக் கண்ணோரத்தில் பார்த்துத் திரும்பியிருக்கிறான்.

கேட்கும் திறன் பரிசோதனையில் இரண்டு காதிலும் குறைபாடு என்று வந்தது. கதவை அறைந்தால் கேட்கும். ஆனால் பேச்சின் பெரும்பகுதி போய்ச் சேராது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா மேடம்?" என்று அம்மா கேட்டார். அன்றே பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பாதது என் தவறு என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வயதில் மூன்று மாதம் என்பது சின்னக் காலம் இல்லை. அதற்குப் பிறகு, பேச்சு தாமதம் என்று எந்தக் குழந்தை வந்தாலும், நன்றாகக் கேட்கிறது என்று வீட்டில் அடித்துச் சொன்னாலும், முதல் நாளே காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மணி சத்தமெல்லாம் பரிசோதனை ஆகாது.

அப்புறம்தான் பட்டியலை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். செய்கிறதா என்று கேட்டால் போதாது. எப்படிச் செய்கிறது, எதற்காகச் செய்கிறது, போன தடவைக்கு இப்போது என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிக் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரியாவது எழுதாமல் விடுவதில்லை.

நடையை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரை அதிகம் தூங்கவிடாமல் செய்வது இதுதான். 13 மாதம் ஆகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்திலேயே நடந்துவிட்டது என்று கண்கலங்க வந்து நிற்பார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவின்படி, யார் துணையும் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவிக் கிடக்கிறது. கிட்டத்தட்ட ஒன்பது மாத இடைவெளி! அதே ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. ஆனால் 14 மாதக் குழந்தை ஒன்று நன்றாகவே நடந்து வந்தது. வந்த பொருளையெல்லாம் இடது கையாலேயே வாங்கியது. "இடதுகைப் பழக்கம் போல" என்று சொல்லிச் சிரித்தார் அப்பா. கட்டையை வேண்டுமென்றே வலப்பக்கம் நீட்டினேன். உடம்பையே திருப்பி இடது கையால்தான் வாங்கியது. வலது கை மூடியே இருந்தது. ஒன்றரை வயதுக்கு முன்னால் ஒரு கை மட்டும் வேலை செய்தால், மற்ற கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். நடைக்கு டிக் விழுந்த குழந்தையை நான் மருத்துவரிடம் அனுப்பினேன். தவழாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்து போன எத்தனையோ குழந்தைகளை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் பட்டியலை 2022-இல் திருத்தியது. அதற்கு முன் பாதிக் குழந்தைகள் செய்யக்கூடிய வயதைக் குறிப்பிட்ட பட்டியல், இப்போது நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளாவது செய்யும் வயதைக் குறிப்பிடுகிறது. தவழ்தல் அதில் இப்போது இல்லை. அது நீக்கப்பட்டதில் என் சகாக்கள் சிலருக்கு வருத்தம். எனக்கு இந்த மாற்றம் சரியென்றே படுகிறது. பாதிப் பேர் செய்யும் வயதைக் கோடாகப் போட்டால் மீதிப் பாதி எப்போதும் கோட்டுக்கு வெளியே நிற்கும். அப்படி நிற்பவர்களிடம் 'பொறுத்துப் பாருங்கள்' என்று சொல்லிச் சொல்லி, உண்மையில் பொறுக்கக் கூடாத குழந்தையிடமும் அதே வார்த்தை நம் வாயில் வந்துவிடும். எனக்கு வந்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தையை, அதன் 14-ஆவது மாதத்தில் 12 மாதக் குழந்தையாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துக்கொள்கிறோம். இதை யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் கவலைப்பட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள்.

பட்டியலில் எந்த ஒன்றை மிகவும் கவனிப்பீர்கள் என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். விரல் நீட்டுவதை என்பேன். 15 மாத வாக்கில் குழந்தை வேண்டிய பொருளைக் காட்டிக் கேட்கும். ஒன்றரை வயதில், வேண்டும் என்பதற்காக இல்லாமல், 'அங்கே பார்' என்பதற்காகவே விரல் நீட்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உள்ளே நடப்பது வேறு. முதலாவதில் பொருள் கைக்கு வந்தால் காரியம் முடிந்தது. இரண்டாவதில் குழந்தைக்கு எதுவுமே வேண்டாம். தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

19 மாதப் பெண் குழந்தை ஒன்று என்னிடம் வந்துகொண்டிருந்தாள். குமிழி டப்பா திறக்கவில்லை என்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மூடியின் மேல் வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். கை மட்டும் போதும் அவளுக்கு. 'உதவி கேட்கிறாள்' என்று அதற்கும் ஒரு டிக் போட்டிருக்க முடியும். நானும் பேச்சுப் பயிற்சியாளரும் மாதக்கணக்கில் செய்தது ஒன்றே ஒன்று: ஒரு குமிழி ஊதிவிட்டு நிறுத்துவோம், அவள் பார்வை வரும்வரை காத்திருப்போம், வந்ததும் ஊதுவோம். அம்மா வீட்டிலும் அதையே செய்தார். ஒருநாள் சுழலும் மின்விசிறியின் நிழல் சுவரில் விழுந்தது. அவள் விளையாட்டை நிறுத்தினாள். ஆள்காட்டி விரல் மெதுவாக நீண்டது, கொஞ்சம் வளைந்தபடி. சுவரைப் பார்த்தாள், திரும்பி அம்மா முகத்தைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. "ஆமாடி தங்கம், நிழலு" என்று சொல்ல நேரமாயிற்று. அன்றைக்குத் தாளில் நான் எழுதியதில் பாதிக்கு மேல் அந்த ஒரு நொடியைப் பற்றித்தான்.

பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, வருகை என்று குழந்தையின் பருவங்களைப் பிரித்திருப்பதை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது, கை கொட்டுவது, தளர்நடை போடுவது எல்லாம் அதில் இருக்கிறது. குழந்தையோடு விளையாட நிலவைக் கூப்பிடும் அம்புலிப் பருவமும் இருக்கிறது. நிலவைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தாக வேண்டுமே.

பேச்சுக்கு வருவோம். ஒன்றரை வயதில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்து, இரண்டரையில் ஐம்பது சொற்கள் அளவுக்கு. இதைச் சொன்னதும் பெற்றோர் எண்ண ஆரம்பிப்பார்கள், பெரும்பாலும் தப்பாக. பந்தை எப்போதும் 'பா' என்றே சொல்லும் குழந்தைக்கு அது ஒரு சொல். வீட்டில் இரண்டு மொழி பேசினால் இரண்டிலும் உள்ள சொற்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. மூன்று வயதுக் குழந்தை மழையை 'மயை' என்றால் அதில் பயம் இல்லை. இன்னொரு பக்கம், ஒன்றிலிருந்து இருபது வரை ஒப்பிக்கும், பாட்டு முழுவதும் பாடும், ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாத குழந்தைகளையும் பார்க்கிறேன். பெற்றோர் பெருமையாகச் சொல்லும்போது அதை இறக்கிவைக்க மனம் வராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஒப்பிப்பது பேச்சு இல்லை. அதுவும் திரையிலிருந்து மட்டும் கற்றிருந்தால் திரையை எடுத்துவைக்கச் சொல்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழே திரை வேண்டாம், நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

ஒரே ஒரு விஷயத்தில் எந்த வயதிலும் ஒருநாள்கூடப் பொறுக்கச் சொல்ல மாட்டேன். வந்த திறமை போவது. பேசிய சொற்கள் நின்றுபோனால், கையசைத்துக்கொண்டிருந்த குழந்தை அசைப்பதை விட்டுவிட்டால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்று வயதுக்கு மேல் என் வேலை ரொம்ப இனிமையானது. க்ரேயான் டப்பாவுக்குள் சட்டைப் பொத்தான்களைப் போட்டு மூடிவைப்பேன். உள்ளே என்ன என்று கேட்டால் "க்ரேயான்" என்பார்கள். திறந்து காட்டிவிட்டு மூடுவேன். "அம்மா வெளியே இருக்காங்க, இதைப் பார்க்கவே இல்லை. உள்ளே என்ன இருக்குன்னு நினைப்பாங்க?" மூன்று வயதுக் குழந்தை யோசிக்காமல் "பொத்தான்" என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரியும். நான்கு வயதை ஒட்டி ஒருநாள் அதே குழந்தை ஒரு கணம் நின்று, கதவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி "க்ரேயான்னு நினைப்பாங்க" என்று சொல்லும். அந்த இடைப்பட்ட கணத்துக்காகவே இன்னும் அந்த டப்பாவைச் சுமக்கிறேன். முதல் பொய்கள் நம்பும்படி வருவதும் இந்த வயதில்தான். திட்டவேண்டியதைத் திட்டுங்கள், கூடவே கொஞ்சம் சந்தோஷப்படுங்கள் என்று அம்மாக்களிடம் சொல்வேன்.

காதில் கருவியோடு அந்தப் பையன் நாலரை வயதில் கடைசி முறையாக வந்தான். வாசலிலேயே "ஆன்ட்டி, செருப்பு எங்க விடணும்?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தான். சதுரம் வரையச் சொன்னேன், வரைந்தான். பையைக் கவிழ்த்து மணியை எடுத்தான். "நீங்க கண்ணை மூடுங்க" என்றான். மூடிக்கொண்டேன். பின்னால் எங்கோ மணி அடித்தது, திரும்பினேன். "இல்ல, இல்ல, எட்டிப் பார்த்துட்டீங்க, மறுபடியும்" என்றான். இந்தத் தடவை சுவரை ஒட்டி நின்றுகொண்டு, கையை மட்டும் மெல்ல ஆட்டினான்.