செருப்புக்கும் எனக்கும் நடுவே ஒன்றரை அடி

மூன்றாவது கராத்தே கேம்ப் முடிந்து நேற்று இரவு வீடு வந்து சேர்ந்தேன். இடது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். மாடிப்படி இறங்க கைப்பிடி தேவைப்படுகிறது. ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. வயது 43. கராத்தேக்கு வந்து இரண்டு வருடம் எட்டு மாதம். ஷோட்டோகான் பாணி, பச்சை பெல்ட். உண்மையில் சேர்ந்தது என் பையன்தான். நான் அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் மொபைல் பார்த்துக்கொண்டிருந்த ஆள். "சும்மாதானே சார் உக்காந்திருக்கீங்க, உள்ள வாங்களேன்" என்று மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டார். பையன் ஆறு மாதத்தில் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

ஆரம்பத்திலிருந்தே எனக்கு இரண்டு நோய். ஒன்று, கட்டா (தனியாகச் செய்யும், வரிசை மாறாத அசைவுத் தொடர்) செய்தால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர மாட்டேன். ஹெய்யான் ஷோடான் என்பது முதல் கட்டா. 21 அசைவு. கால் போகும் பாதையை வரைந்தால், மேலும் கீழும் கோடு போட்ட ஆங்கில ஐ எழுத்து போல இருக்கும். ஒழுங்காகச் செய்தால் கடைசி அடி முதல் அடி இருந்த இடத்திலேயே விழ வேண்டும். ஜப்பானின் ஒகினாவா தீவில் இதோசு ஆங்கோ என்ற கராத்தே ஆசான் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த வரிசை அது. பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள், நான்தான் வேறெங்கோ போய் நிற்கிறேன்.

இன்னொரு நோய், முகத்துக்கு நேரே பஞ்ச் வந்தால் கண்ணை மூடிக்கொள்வது. கோஹோன் குமிதே என்ற ஜோடிப் பயிற்சியில் எதிராளி "ஜோடான்" (முகத்துக்கு வருகிறது என்ற அறிவிப்பு) என்று சொல்லிவிட்டு ஐந்து அடி முன்னே வந்து ஐந்து முறை முகத்துக்குக் குத்துவார். நாம் பின்வாங்கிக்கொண்டே தடுக்க வேண்டும், ஐந்தாவதில் திருப்பிக் குத்த வேண்டும். எங்கே குத்துவார், எத்தனை குத்து, எல்லாம் முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் மூன்றாவதில் கண் மூடிவிடும். அப்புறம் கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

முதல் கேம்ப் போன வருடம் மே மாதம், மாமல்லபுரம் தாண்டி ஒரு கடற்கரை. கல்யாண மண்டபத்தில் இரண்டு இரவு தங்கல். ஆறேழு ஊர்களிலிருந்து அறுபது பேர். காலை 4.45க்கு விசில், 5.15க்கு மணலில் வரிசை. ஓடு உடைப்பது, கைமேல் பைக் ஏற்றுவது மாதிரி வித்தைகள் எதுவும் இல்லை. (இருந்திருந்தால் திரும்பி பஸ் ஏறியிருப்பேன்.) வெறும் ஸ்டான்ஸ், பஞ்ச், பிளாக். ஆனால் மணலில்.

தரையில் பின்காலால் தள்ளினால் உடம்பு முன்னே போகும். மணலில் தள்ளினால் மணல்தான் பின்னே போகிறது. குதிகால் தூக்கியிருந்தால் கால் புதைந்து இருந்த இடத்திலேயே நிற்போம். பின்குதிகாலைப் பதித்து முழுப் பாதத்தால் தள்ள வேண்டும் என்று மாஸ்டர் ஒரு வருடமாகச் சொன்னதை, மணல் அரை மணியில் சொல்லிவிட்டது. கடலுக்குள் முழங்கால் ஆழத்துக்கு மேல் யாரையும் விடவில்லை. கயிறு கட்டி, இரண்டு பிளாக் பெல்ட்டுகள் காவல் நின்றார்கள். அந்தப் பக்கத்து அலை இழுக்கிற அலை.

அங்கேதான் ஒரு பழக்கம் தொடங்கினேன். செருப்பை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் கட்டாவைத் தொடங்குவது, முடிந்ததும் எவ்வளவு தள்ளி நிற்கிறேன் என்று பாதத்தால் அளப்பது. முதல் அளவு: மூன்றடிக்கும் மேல்.

மாலையில் வட்டம். எல்லோரும் வட்டமாக நின்று ஆளுக்குப் பத்து எண்ண வேண்டும், எண்ணுக்கு ஒரு பஞ்ச். அறுபது பேர், 600 பஞ்ச். ஜப்பானிய எண்ணில் இச்சி, நீ, சான், சீ என்று போய்க்கொண்டிருந்தது. ஏழு வயதுப் பொடியன் ஒருவனின் முறை வந்தது. கோ, ரோக்கு, ஷிச்சி வரை வந்துவிட்டு நின்றான். எட்டு மறந்துவிட்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அறுபது பேரும் முஷ்டியை நீட்டியபடி நிற்கிறோம், தோள் எரிகிறது, அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். கடைசியில் வயிற்றிலிருந்து கத்தினான்: "எட்டு!" அறுபது பேரும் அந்த எட்டுக்குக் குத்தினோம். அந்த நாளின் நல்ல பஞ்ச் அதுதான் என்று மாஸ்டரே சொன்னார். எங்கள் வாட்ஸாப் குழுவுக்கு இன்றும் பெயர் 'எட்டு'.

இந்த மாதிரித் தங்கிப் பழகுவதற்கு ஜப்பானில் கஷ்ஷுகு என்று பெயர். சொல்லுக்கே 'சேர்ந்து தங்குவது' என்றுதான் பொருள். பயிற்சி என்பதற்கான எழுத்து அதில் கிடையாது. கராத்தே என்றில்லை, அங்கே கல்லூரி பேஸ்பால் அணிகளும் வாத்தியக் குழுக்களும்கூட ஊர்விட்டுப் போய் இப்படித் தங்குகின்றன. அந்தப் பெயர் எவ்வளவு சரி என்பது எனக்கு இரண்டாவது கேம்ப்பில்தான் தெரிந்தது.

அது டிசம்பர், அரையாண்டு விடுமுறை, ஏற்காடு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவது வளைவில் பாதிப் பேர் ஜன்னலோரம் கேட்டார்கள். குளிரில் வெறுங்கால். முதல் பத்து நிமிடம் பாதம் இருக்கிறதா என்றே தெரியாது. பெண்களுக்கு ஒரு கூடம், ஆண்களுக்கு ஒரு கூடம், பொதுக் கழிவறை. அங்கே மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார்: கழிவறை கழுவும் வேலை பிளாக் பெல்ட்டிலிருந்து தொடங்கிக் கீழே வரும். வெள்ளை பெல்ட் கடைசி நாள்தான் துடைப்பம் தொட வேண்டும். கிச்சினுக்கும் அதேதான். உப்புமா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் டான், அதாவது பிளாக் பெல்ட்டில் மூன்றாம் படி.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஷோட்டோகானின் முன்னோடி ஃபுனகோஷி கிச்சின் 1922ல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைச் செய்து காட்ட வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒகினாவா மாணவர்கள் தங்கும் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. பகலில் முற்றம் பெருக்கி, அறைகளைச் சுத்தம் செய்து, வாசலைக் காவல் காத்துக்கொண்டேதான் கராத்தே சொல்லிக்கொடுத்தார். ஷோட்டோகானில் உள்ள 'ஷோட்டோ' என்பது அவர் கவிதை எழுத வைத்துக்கொண்ட புனைபெயர். பைன் மரத்தில் காற்று எழுப்பும் அலையோசை என்று பொருள். எங்கள் கூடத்தைச் சுற்றி பைன் இல்லை, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்தான். இரவில் அதுவும் ஓசை எழுப்பத்தான் செய்தது. அறுபது பேரின் குறட்டைக்கு நடுவே எவ்வளவு கேட்குமோ அவ்வளவு.

அங்கே எனக்கு ஜோடியாக வந்தவன் பத்தாம் வகுப்புப் பையன், பிரவுன் பெல்ட், சேலத்துக்காரன். முறைப்படி அவன் எனக்கு மூத்தவன், நான்தான் முதலில் குனிய வேண்டும். அவனோ என்னை அங்கிள் என்றான். மூன்றாவது பஞ்ச்சில் நான் கண்ணை மூடுவதைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். பையிலிருந்து பேனா எடுத்து, வலது முஷ்டியின் முதல் இரண்டு கணுவுக்கு நடுவே ஏதோ எழுதினான். "அங்கிள், பிளாக்கெல்லாம் அப்புறம். என்ன எழுத்துன்னு மட்டும் கத்துங்க."

மெதுவாகத்தான் வந்தான். மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் முஷ்டியை நிறுத்தினான். 'ழ'. கையைப் பின்னால் கொண்டுபோய், துடைத்து, வேறு எழுதிக்கொண்டு வந்தான். 'ஞ'. போகப்போக வேகத்தைக் கூட்டினான். எழுத்தைப் பார்க்கிற அவசரத்தில் கண் மூட மறந்துபோனது. வியர்வையில் மை கலைந்து, 'இ'யா 'ஐ'யா என்று நாங்கள் சண்டை போட்டதைப் பார்த்து மாஸ்டர் வந்து இருவரையும் இருபது தண்டால் எடுக்க வைத்தார்.

பொதுத்தேர்வு வருடம் என்பதால் அவன் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தான். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைத்த பிறகு, வராந்தா பல்பின் கீழே முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தேன். எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது, சைன் காஸ் எல்லாம் தொட்டு இருபது வருடமாகிறது. இருந்தாலும் இரண்டு பேருமாகச் சேர்ந்து நான்கு கணக்குப் போட்டோம்.

மறுநாள் மதியம் அந்தச் சம்பவம். இப்போது நான் குத்துகிற பக்கம். ஷோட்டோகானில் பஞ்ச் தோலுக்கு முன்னால் நிற்க வேண்டும், முழு வேகத்தில் போய் நிற்க வேண்டும். குத்துவது ஒரு பாதி, நிறுத்துவது மறுபாதி. களைப்பில் என் முன்கால் ஈரப்புல்லில் அரையடி கூடுதலாக வழுக்கியது. கை நிற்கவில்லை. அவன் மேலுதடு பல்லில் பட்டுக் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

அவன் ஒரு அடி பின்னால் போய், குனிந்து, "ஓஸ்" என்றான், கராத்தேயில் மரியாதையாகச் சொல்லும் சொல். மாஸ்டர் உதட்டைத் திருப்பிப் பார்த்து, பல் ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஐஸ் வைத்து உட்கார வைத்தார். அவன் அப்பாவுக்கு போன் செய்து நானே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அவர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, "பையன் சாப்ட்டானா சார்?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு குழந்தையின் வாயை உடைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறோம், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று உழன்றுகொண்டிருந்தேன்.

காலையில் ஜோடி பிரிக்கும்போது கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொண்டேன். வீங்கிய உதட்டோடு அவன் என்னைத் தேடி வந்து எதிரே நின்றான். "ஜோடான்" என்று சொல்லச் சொன்னான். சொன்னேன். கை ஓரடி முன்னாலேயே நின்றுவிட்டது. "அங்கிள், இவ்ளோ தூரத்துல நின்னா நான் எதைத் தடுக்கிறது? கிட்ட வாங்க" என்றான். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகுதான் பழைய தூரத்துக்கு வந்தேன். அவன் ஒரு முறைகூடத் தலையைப் பின்னால் இழுக்கவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

தினமும் முடிவில் முழங்காலிட்டு உட்கார்ந்து தோஜோ குன் என்ற பயிற்சிக்கூட உறுதிமொழி சொல்வோம். ஐந்து வரி. ஒவ்வொன்றும் "ஹிதோத்சு" என்றே தொடங்கும், அதாவது 'ஒன்று'. இரண்டு, மூன்று என்று வராது, ஐந்துமே முதலாவது. அன்று அவன் உதடு ஒத்துழைக்காமல் "ஹிதோஷு" என்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த பொடியன்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், தையல் இல்லாத காயம் மறுபடி பிரிந்துகொண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். கேம்ப் போனால் திறமை ஏறிவிடும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அங்கே வந்த வேகம் பத்து நாளில் வடிந்துவிடுகிறது. போகிற எல்லோருக்கும் கடைசி நாளில் புது பெல்ட்டும் கோப்பையும் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்புகிற கேம்ப்களும் உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. வடியாமல் நிற்பது அந்தத் தூரம்தான். எந்த முஷ்டி எங்கே நிற்கும் என்று சில பேர் விஷயத்தில் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது.

சரி, மூன்றாவது. காலாண்டு விடுமுறை, மறுபடி அதே கடற்கரை. மண்டபத்தில் மோட்டார் பழுதாகி முதல் நாள் முழுக்கக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம். அந்தப் பையன் வரவில்லை. நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, மொபைல் கிடையாதாம். எனக்கு ஜோடி ஈரோட்டு அக்கா, ஐம்பது வயது, நீல பெல்ட். பிளாக் செய்தால் மணிக்கட்டு எலும்பு பேசும். என் இரண்டு முன்னங்கையும் இப்போது கத்திரிக்காய் நிறம்.

'எட்டு' பொடியனுக்கு இப்போது ஒன்பது வயது இருக்கும். வட்டத்தில் அவன் முறை வந்தபோது ஷிச்சியில் வேண்டுமென்றே நிறுத்தினான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, சிரிப்பை அடக்கிக்கொண்டு முஷ்டியோடு நின்றோம். ரொம்ப நேரம் நிற்க வைத்தான், படவா.

அளவுகள், எனக்காக: ஹெய்யான் ஷோடான், மணலில், செருப்பிலிருந்து ஒன்றரை அடி. மண்டபத் தரையில் ஒரு பாதம். மூன்றாவது கட்டாவான ஹெய்யான் சாண்டான் இன்னும் திரும்பும் இடத்தில் தடுமாறுகிறது, அளக்கவே இல்லை. கண்: மூன்று நாளில் இரண்டு முறை மூடினேன். இரண்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

அடுத்த முறைக்கு: பிளாஸ்டர் டேப் இரண்டு சுருள், மாற்று கராத்தே டிரஸ் ஒன்று, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். கொப்புளத்தை உடைக்காதே.

துவைக்கப் போட்டபோது பார்த்தால் என் பையில் யாருடையதோ நீலக் கட்டம் போட்ட லுங்கி. குழுவில் படம் போட்டேன். திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டுகிற அண்ணனுடையதாம். "வச்சுக்கோங்க, டிசம்பர்ல வாங்கிக்கறேன்" என்று பதில் வந்திருக்கிறது. மாடியில் காய்கிறது.