அப்பாவின் மெடல்

நான் கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, இந்த மெடல் உங்களுதா?"

புதுச்சேரி குருசுக்குப்பத்து வீடு. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு, 85 எம்எம் லென்ஸ் போட்டிருந்தேன். சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த புதுச்சேரிக்காரர்களின் குடும்பங்களை எடுத்துக்கொண்டிருந்த வரிசையில் அவர் ஐந்தாவது ஆள். கோட்டு, டை, இடது மார்பில் மூன்று மெடல். இந்தோசீனாவில், அதாவது வியட்நாம் பக்கம் கிடைத்தவை என்று அவர் வீட்டில்தான் யாரோ சொன்னார்கள். கணக்கு இடித்தது. அங்கே பிரான்ஸின் போர் 1954-ல் முடிந்துவிட்டது. இவருக்கு அப்போது பேச்சே சரியாக வந்திருக்காது.

"அப்பாவோடது" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இப்ப எடுங்க தம்பி."

எடுத்தேன். 'இருக்கட்டும், போட்டுக்கோங்க ஐயா' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஆவணப் படம் எடுக்கிறவன் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்காமல் கீழே 'முன்னாள் படைவீரர்' என்று போட்டிருந்தால் அது பொய். சரி, 'சொல்தாவின் மகன்' என்று போட்டிருக்கலாமே. அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையிடம் கோட்டு வாடகையா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. (பாதிக்கு மேல் வாடகைதான்.)

ஜெர்மன் புகைப்படக்காரர் ஆகஸ்ட் சாண்டர் 1928-ல் செங்கல் சுமக்கும் ஒருவரை எடுத்தார். தலைப்பில் பேர் இல்லை, தொழில்தான் இருக்கிறது. அவரைத்தான் பின்பற்றுகிறேன் என்று சொல்லித் திரிகிறவன் நான். அந்த ஆளிடம் செங்கலை இறக்கி வைக்கச் சொல்லியிருந்தால்?

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவிடம் வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இவருடைய அப்பா எழுதிக் கொடுத்தார். சிறுவனாக இருந்த இவரும் பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். அப்படிப் பார்த்தால் பாஸ்போர்ட்டும் அப்பா கொடுத்ததுதான். அது உங்களுதா என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அதைப் புதுப்பிக்கப் படம் எடுக்க என் ஸ்டூடியோவுக்கே வந்தார். அதே கோட்டு. மெடல் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 35க்கு 45 மில்லிமீட்டர் படம். மெடல் குத்தியிருந்தாலும் அதில் வராது.